கமடோர் 64 மாடல் செய்பவர்களே, அந்த போட்டோவை நம்பாதீர்கள்

போன மாதம் மட்டும் நான்கு பேர் தாங்கள் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்த கமடோர் 64 (1982இல் வந்த வீட்டுக் கணினி) மாடலை எனக்கு அனுப்பி எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். நால்வருமே நன்றாக உழைத்திருக்கிறார்கள், நான்கிலும் ஒரே தவறு. என் முதல் மாடலில் நானும் அதையேதான் செய்தேன் என்பதால் திட்ட வாய் வரவில்லை, ஆனாலும் எரிச்சலாக இருந்தது. கூரான விளிம்பை மழுக்க பெவல் போடு, முகங்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று சொல்லும் நார்மல் திரும்பியிருக்கிறதா பார் என்பதெல்லாம் எந்தப் பாடத்திலும் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. முதலில் அந்த ஒரே தவறு, பிறகு கண்ணில் படும் மற்றவை; ஒவ்வொரு தலைப்பும் ஒரு தவறு.

மேலிருந்து எடுத்த போட்டோவை வரைபடமாக நினைப்பது

யாரோ விற்பனைக்குப் போட்ட படம். கணினியை மேசையில் வைத்து, எக்கி நின்று மொபைலில் எடுத்தது. பார்க்க நேராகத்தான் இருக்கும். அதை டாப் வியூவில் பின்னணியாகப் போட்டு அதன் மேலேயே கோடு இழுத்துக்கொண்டு போகலாம் என்று கை துறுதுறுக்கும். அங்கேதான் எல்லாம் கெடுகிறது.

கமடோர் 64 பெட்டி சுமார் 40 செ.மீ. அகலம், 21.6 செ.மீ. ஆழம், 7.5 செ.மீ. உயரம். கேமரா மேசையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசை மட்டம் 50 செ.மீ. தூரத்தில், பெட்டியின் உச்சி ஏறத்தாழ 43 செ.மீ. தூரத்தில். 50ஐ 43ஆல் வகுத்துப் பாருங்கள்: உச்சியில் இருப்பது மேசை மட்டத்தில் இருப்பதைவிட 16 விழுக்காடு பெரிதாகப் படத்தில் விழும். போதாததற்கு இந்தப் பெட்டி முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் எழுந்து நிற்பது, கீ வரிசைகளும் ஒன்றுக்கொன்று உயரம் மாறுபவை. ஆக ஒரே படத்தில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு அளவுகோல். இதன் மேல் கோடு இழுத்தால் வருவது கமடோர் அல்ல, பின்பக்கம் வீங்கிய ஏதோ ஒன்று.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சிறிய விளையாட்டு ஸ்டுடியோவுக்காகச் செய்த வேலை. மேல்படம் ஒருவரிடமிருந்து கிடைத்தது, பக்கவாட்டுப் படம் வேறொருவருடையது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும், இரண்டு படம் ஒத்துப்போகாவிட்டால் ஒன்றாவது பொய் சொல்கிறது என்றுதானே அர்த்தம்? நான் என்ன செய்தேன் என்றால் பக்கவாட்டுப் படத்தை இழுத்து நீட்டி மேல்படத்தோடு பொருத்திவிட்டேன். அப்புறம் மூன்று வாரம்: 66 கீயும் தனித்தனியாக, பிளாஸ்டிக்கின் சொரசொரப்பு, தேய்மானம், யூவி (படம் ஒட்டுவதற்காக மேற்பரப்பைத் தட்டையாக விரிப்பது), டெக்ஸ்சர், எல்லாம். கடைசியில், வலப்பக்கம் ஜாய்ஸ்டிக் சாக்கெட்டில் ஒரு ஜாய்ஸ்டிக் பிளக்கைச் செருகி ரெண்டர் (மாடலின் இறுதிப் படம்) எடுக்கலாம் என்று சரியான அளவில் ஏற்கெனவே செய்து வைத்திருந்த ஒன்பது முள் பிளக்கைக் கொண்டுவந்தால், அது சாக்கெட்டுக்குள் லொடலொடவென்று ஆடுகிறது. அதற்குள் ஒப்படைக்கும் நாள் வந்துவிட்டது, கண்டும் காணாததுபோல் அனுப்பினேன். திரும்பி வந்தது. கீகேப்களையாவது காப்பாற்றலாம் என்று பார்த்தால் அவையும் வரிசைக்கு வரிசை வேறு அளவு. மறுபடி முதலிலிருந்து, 11 நாள், கூலி இல்லாமல்.

சரி, எப்படிச் செய்வது? முதலில், அளவு தெரிந்த பொருளைப் பிடியுங்கள். ஒரு கீயின் நடுவிலிருந்து அடுத்த கீயின் நடுவுக்கு சுமார் 19 மி.மீ. வீடியோ கேபிளின் வட்டமான டின் (DIN) பிளக், அதன் உலோக வளையம் 13.2 மி.மீ. விட்டம். கார்ட்ரிட்ஜ் சாக்கெட்டின் தொடுபுள்ளிகளுக்கு இடையே 2.54 மி.மீ. இவற்றைத்தான் முதலில் பிளெண்டர் சீனில் வைக்க வேண்டும், பெட்டியை இவற்றைச் சுற்றிக் கட்டுங்கள். போட்டோ நீங்களே எடுக்க முடிந்தால் 3 மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள், அந்த 16 விழுக்காடு இரண்டரைக்கு இறங்கிவிடும். மற்றவர் எடுத்த படம்தான் கிடைக்கிறது என்றால் எஃப்ஸ்பை என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது, படத்திலுள்ள இணைகோடுகளை வைத்து கேமரா நின்ற இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்கும், பிளெண்டரில் அந்தக் கேமரா வழியாகப் பார்த்து மாடலைப் பொருத்தலாம். எல்லாவற்றையும்விட நல்லது, கணினி வைத்திருக்கும் ஒருவரிடம் வெர்னியரில் எட்டு அளவு எடுத்துத் தரச் சொல்லிக் கேட்பது. பழைய கணினி சேர்ப்பவர்கள் இப்படிக் கேட்டால் எட்டுக்குப் பதில் முப்பது அனுப்புவார்கள்.

கீபோர்டை ஸ்கேனரில் கவிழ்த்தால் போதாதா என்று ஒருவர் கேட்டார். மலிவான ஸ்கேனரில் கண்ணாடியைத் தொடாத எதுவும் மங்கிப்போகும். போதாது.

மஞ்சளித்த நிறத்தை அசல் நிறமாக எடுப்பது

பெட்டி செய்யப்பட்ட ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் வெயிலும் வெப்பமும் பட்டு மஞ்சளாகும், ஆனால் சீராக ஆகாது. ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் அடியும் பெட்டியின் உட்புறமும் பழைய நிறத்திலேயே இருக்கும். படத்திலிருந்து நிறத்தை உறிஞ்சும் ஐட்ராப்பர் கருவி வைத்து நிறம் எடுப்பதென்றால் அங்கே எடுங்கள், மஞ்சளைத் தனி அடுக்காக மேலே போடுங்கள், அப்போதுதான் 1982இல் கடையில் இருந்த கணினியையும் இன்று பரணிலிருந்து இறக்கியதையும் ஒரே மாடலில் காட்ட முடியும். மொத்தப் பெட்டிக்கும் ஒரே மஞ்சள் பூசியது நால்வரில் இருவர்.

செங்குத்தான சுவர்கள்

வார்ப்பிலிருந்து கழன்று வர வேண்டும் என்பதற்காகவே பிளாஸ்டிக் பெட்டியின் சுவர்கள் ஒன்றிரண்டு டிகிரி சாய்ந்திருக்கும். தொண்ணூறு டிகிரியில் நிறுத்தினால் அட்டைப்பெட்டி.

வேறு வேறு வருடங்களைக் கலப்பது

வெள்ளி நிற லேபிள் ஒட்டிய ஆரம்ப காலப் பெட்டியில் வீடியோ சாக்கெட்டுக்கு ஐந்து துளை. பிறகு வந்த வானவில் லேபிள்காரர்களுக்கு எட்டு. ஒருவர் வெள்ளி லேபிள் ஒட்டிப் பின்னால் எட்டுத் துளை வைத்திருந்தார். முன்பக்கமும் பின்பக்கமும் வெவ்வேறு கணினிகளின் படத்திலிருந்து வந்தவை என்பது அப்படியே தெரிந்துவிடுகிறது.

கீயின் முன்முகத்தை மறப்பது

எழுத்துக் கீகளின் நெற்றியில் இரண்டிரண்டு வரைகலைக் குறிகள் இருக்கும், 1 முதல் 8 வரை நிறங்களின் பெயர்ச் சுருக்கம். மேல்முகத்தில் மட்டும் எழுத்து வைத்த கீபோர்டு மொட்டையாக நிற்கும்.

நீல பவர் விளக்கு

சிவப்பு. பளிச்சென்ற நீல எல்இடி 1993இல்தான் வந்தது.

திரையில் பச்சை எழுத்து

நீலத் திரை, வெளிர்நீல ஓரம், வெளிர்நீல எழுத்து. 40 எழுத்து அகலம், 25 வரி. கறுப்பில் பச்சை வேண்டுமென்றால் வேறு கணினியைச் செய்யுங்கள்.

அடிப்பக்கத்தில் நான்கு ஸ்க்ரூ

மூன்று. நான்கு இல்லை. யார் கவிழ்த்துப் பார்க்கப் போகிறார்கள் என்கிறீர்களா? அந்த ஸ்டுடியோக்காரர் என் மாடலைத் திறந்ததும் முதலில் கவிழ்த்துத்தான் பார்த்தார்.