மோதிய மின்சாரக் கார் ஷெட்டுக்கு வந்தால்: டிங்கரிங்குக்கு முன்னும் பின்னும்

டிங்கரிங் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அடிபட்ட காரைக் கண்டதும் சுத்தியலைத் தேடுகிறார்கள். மின்சாரக் காரிலும், பெட்ரோல் எஞ்சினும் மின்சார மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் காரிலும் சுத்தியலுக்கு வேலை வர அரை நாள்கூட ஆகலாம். அந்த அரை நாளில் என்னென்ன நடக்க வேண்டும் என்பதை, அம்பத்தூரில் ஒரு ஷெட்டில் வேலை சொல்லிக்கொடுக்கிறவன் என்ற முறையில் இங்கே வரிசையாக எழுதுகிறேன். உயர் மின்னழுத்த இணைப்பைத் துண்டிப்பது, அதற்கென்று பயிற்சி பெற்றவர் மட்டுமே செய்ய வேண்டிய வேலை. புதியவர் அதன் ஒழுங்கைத் தெரிந்துவைத்துக்கொண்டு, அவர் சரி என்று சொல்லும் வரை காரில் கை வைக்காமல் இருக்க வேண்டும்.

முதல் படி: வந்திருப்பது எந்த வகை?

முழு மின்சாரக் காருக்குப் பச்சை நம்பர் பிளேட் இருக்கும். சொந்தக் காருக்கு எழுத்து வெள்ளை, வாடகைக் காருக்கு மஞ்சள். ஏமாற்றுவது ஹைபிரிட்தான், ஏனென்றால் அதற்கும் பெட்ரோல் காருக்கும் ஒரே மாதிரி பிளேட். ஜி.எஸ்.டி. சாலையில் பக்கவாட்டில் அடிபட்டு வந்த ஒரு காரைப் பெட்ரோல் கார் என்றே நினைத்து, எங்கள் பையன் ஒருவன் கதவுக்குக் கீழுள்ள தகட்டை வெட்ட கட்டிங் வீலை எடுத்துவிட்டான். நிறுத்தச் சொல்லி, காரைத் தூக்கி அடியில் பார்த்தபோது, வெட்டவிருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி ஆரஞ்சு நிறக் கேபிள் ஓடிக்கொண்டிருந்தது. ஆரஞ்சு கேபிள் என்றால் உயர் மின்னழுத்தம். நேர்மின்சாரத்தில் 60 வோல்ட்டைத் தாண்டினாலே ஆபத்து என்று கணக்கு. மின்சாரக் கார்கள் பலவற்றில் அது 300 வோல்ட்டுக்கு மேல். மாருதியின் 'ஸ்மார்ட் ஹைபிரிட்' போன்ற மிதமான ஹைபிரிட்களில் இந்த அளவு மின்னழுத்தம் கிடையாது என்றாலும், ஆர்.சி.யையும் தயாரிப்பாளரின் கையேட்டையும் பார்த்து உறுதிசெய்யும் வரை எல்லாவற்றையும் ஆபத்தானதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: எங்கே நிறுத்துவது?

ரெக்கவரி வண்டியில் சக்கரம் தரையில் உருள இழுத்து வரக் கூடாது. சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சுழன்று மின்சாரம் உற்பத்தியாகும். நான்கு சக்கரமும் மேலே நிற்கும் தட்டையான பிளாட்பெட் லாரியில்தான் ஏற்றி வர வேண்டும். அடிபட்ட லித்தியம் பேட்டரி உடனே எரியாமல், சில மணி நேரம் கழித்தோ சில நாள் கழித்தோ எரியலாம் என்பதால், சந்தேகமுள்ள காரைக் கட்டடத்திலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் சுமார் 15 மீட்டர் தள்ளித் திறந்த வெளியில் நிறுத்தச் சொல்கிறார்கள். வண்டியோடு வண்டி உரசி நிற்கிற நம் ஊர் ஷெட்டுகளில் 15 மீட்டருக்கு எங்கே போவது? இடமில்லையென்றால் அந்தக் காரை எடுக்காதீர்கள் என்பதே என் பதில். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கும் பள்ளத்திலும் நிறுத்தக் கூடாது. விரிசல் விட்ட பேட்டரிக்குள் நீர் இறங்கினால் உள்ளேயே ஷார்ட் ஆகும். புகை, 'உஸ்' என்ற சத்தம், இனிப்பு கலந்த ரசாயன வாடை, இவற்றில் எது தெரிந்தாலும் விலகி நின்று 101-ஐ அழையுங்கள்.

மூன்றாம் படி: மின்சாரத்தைத் துண்டித்தல்

முழு வேலையிலும் அவசரமே கூடாத இடம் இது. ஓடும் நிலையிலும் மின்சாரக் கார் சத்தம் போடாது. ஆகவே 'ரெடி' விளக்கு அணைந்திருக்கிறதா என்று பார்த்து, ஸ்மார்ட் சாவியைக் காரிலிருந்து ஐந்து மீட்டருக்கு அப்பால் பூட்டி வைக்க வேண்டும். அடுத்து 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும்.

இனி கையுறை. 1000 வோல்ட்டுக்கான 'கிளாஸ் 0' ரப்பர் கையுறையை ஒவ்வொரு முறையும் போடும் முன், மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து சுருட்டிக் காற்றை விரல்களுக்குள் அடைத்து, கன்னத்தருகே பிடித்துப் பார்க்க வேண்டும். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் கன்னத்தில் காற்று படும். ரப்பருக்கு மேல் தோல் கையுறை வர வேண்டும். மே மாதச் சென்னையில் இதற்குள் கை வெந்துபோகும்; உள்ளே மெல்லிய பருத்தியுறை போட்டுக்கொள்ளலாமே தவிர, வியர்க்கிறது என்று ஒரு நிமிடம்கூடக் கழற்றக் கூடாது.

பயிற்சி பெற்றவர், உயர் மின்னழுத்த இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். வேறு யாரும் அதைத் திரும்ப மாட்டிவிடக் கூடாது என்பதற்காக. பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரில், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்கள் வடிய, கையேடு சொல்லும் நேரம், பெரும்பாலும் ஐந்து முதல் பத்து நிமிடம், காத்திருக்க வேண்டும். அதன் பின் 1000 வோல்ட் தாங்கும் மல்டிமீட்டரை முதலில் 12 வோல்ட் பேட்டரி போன்ற, மின்சாரம் இருப்பது தெரிந்த ஒன்றில் வைத்துப் பார்த்து, பின்பு உயர் மின்னழுத்த முனைகளில் பார்த்து, மறுபடி பழைய இடத்திலேயே பார்க்க வேண்டும். நடுவில் வரும் சுழியம் மீட்டர் செத்துப்போனதால் வந்ததல்ல என்பதை மூன்றாவது அளவுதான் காட்டும். இத்தனைக்குப் பிறகும் பேட்டரிப் பெட்டிக்குள் முழு மின்சாரம் அப்படியேதான் இருக்கும்.

நான்காம் படி: அடியில் பாருங்கள்

காரைத் தூக்கும்போது லிஃப்ட்டின் கைகள் பேட்டரிப் பெட்டியில் படாமல், தயாரிப்பாளர் குறித்த இடங்களில் மட்டும் நிற்க வேண்டும். பெட்டியில் பள்ளம், விரிசல், கூலன்ட் கசிவு இருக்கிறதா என்று ஒரு விரற்கடை இடம்கூட விடாமல் பார்த்துப் படம் எடுங்கள். இன்ஷூரன்ஸ் சர்வேயர் கேட்பார். கதவில் விழுந்த பள்ளத்தைத் தட்டி எடுப்பதுபோல் பேட்டரிப் பெட்டியில் விழுந்ததைத் தட்டி எடுக்க நினைப்பது பெரும் பிழை.

ஐந்தாம் படி: டிங்கரிங், வெல்டிங், பெயின்ட்

வெல்டிங் பொறி ஆரஞ்சு கேபிளில் படாமல் கேபிளை நகர்த்தவோ தீத்தடுப்புத் துணியால் மூடவோ வேண்டும். பேட்டரிக்கு அருகே வெட்டவோ சூடாக்கவோ நேர்ந்தால், கையேட்டின்படி பேட்டரியையே இறக்கிவிட வேண்டும்.

பெயின்ட் பூத்தில் வழக்கமாக 60 டிகிரிக்கு மேல் சூடேற்றிக் காயவைக்கிறோம். பேட்டரியோடு காரை உள்ளே விடலாமா, எத்தனை டிகிரியில் எத்தனை நிமிடம் என்பது காருக்குக் கார் மாறும், பார்க்காமல் விடாதீர்கள். அடிபட்ட பேனலை மட்டும் இன்ஃப்ராரெட் விளக்கால் காயவைப்பது எனக்குப் பிடித்த வழி. மற்ற வண்டிகளை உணரும் ரேடார் உள்ள பம்பரில் கனமாகப் பட்டி பூசினால் ரேடார் குழம்பும். அந்த இடத்தில் பம்பரையே மாற்றுவது நல்லது.

ஆறாம் படி: ஒப்படைக்கும் முன்

பயிற்சி பெற்றவர், உயர் மின்னழுத்தம் காரின் உடலுக்குக் கசியாமல் தடுக்கும் இன்சுலேஷன் தடையை அளந்து, தயாரிப்பாளர் தந்த அளவோடு ஒப்பிடுவார். உதாரணத்துக்கு ஒரு வோல்ட்டுக்கு 500 ஓம் என்று கணக்கிட்டால், 350 வோல்ட் காருக்கு 1,75,000 ஓமுக்குக் குறையக் கூடாது. அந்த எண்ணையும், மல்டிமீட்டரில் பார்த்த மூன்று அளவுகளையும், பிளக்கைக் கழற்றிய, மாட்டிய நேரங்களையும் ஜாப் கார்டில் எழுதி, செய்தவரின் கையெழுத்தை வாங்கிய பிறகே சாவியைப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டும்.