சைட்மேப் கோப்பில் ஃபைண்ட்ஆல் ஏன் காலியாக வருகிறது? நேம்ஸ்பேஸைச் சமாளிக்கும் வழி

ஒரு தளத்தின் பக்க முகவரிகளைப் பட்டியலிடும் சைட்மேப் எக்ஸ்எம்எல் கோப்பை, பைத்தானோடு வரும் எக்ஸ்எம்எல் நூலகமான எலிமென்ட்ட்ரீயில் திறந்தாயிற்று. பிழை எதுவும் இல்லை. ஆனால் ஃபைண்ட்ஆலில் 'யூஆர்எல்' என்று தேடினால் காலிப் பட்டியல்தான் வருகிறது, டேக் கண்ணெதிரே இருந்தும்.

காரணம், ரூட் டேக்கில் (எல்லாவற்றுக்கும் வெளியே உள்ள முதல் டேக்) இருக்கும் எக்ஸ்எம்எல்என்எஸ். டேக்குகள் எந்தப் பெயர்த்தொகுதியை, அதாவது நேம்ஸ்பேஸைச் சேர்ந்தவை என்று சொல்லும் வரி அது. முன்னொட்டு இல்லாத ஒவ்வொரு டேக்கின் முழுப்பெயரையும் அது மாற்றிவிடுகிறது. நேம்ஸ்பேஸின் பெரிய குறையே இதுதான்: ஒரு டேக்கின் உண்மையான பெயர் அந்த இடத்தில் தெரியாது, எங்கோ மேலே போய்த் தேட வேண்டும்.

படி 1: ரூட்டின் டேக்கைப் பிரின்ட் செய்யுங்கள். நெளிவு அடைப்புக்குள் ஒரு முகவரி, அதையடுத்து 'யூஆர்எல்செட்' என்று வரும். முகவரியை அங்கிருந்தே காப்பி செய்யுங்கள், கையால் அடிக்க வேண்டாம். பார்க்க இணைய முகவரி போல இருந்தாலும் அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது மட்டுமே நடக்கிறது. எச்டிடிபி என்பதை எச்டிடிபிஎஸ் ஆக்கினாலோ, கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலோ அது வேறு நேம்ஸ்பேஸ். அப்போதும் பிழைச்செய்தி வராது, காலிப் பட்டியல்தான்.

படி 2: 'எஸ்' என்று ஒரு முன்னொட்டு வைத்து, அந்த முகவரியோடு ஒரு டிக்‌ஷ்னரியில் போடுங்கள். அதை ஃபைண்ட்ஆலுக்கு இரண்டாவது மதிப்பாகக் கொடுங்கள்.

படி 3: பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். பக்கத்தின் முகவரி இருக்கும் 'லாக்' டேக்கை எடுக்க 'எஸ்:யூஆர்எல்/லாக்' என்று எழுதினால் மறுபடியும் காலி. பாதையின் ஒவ்வொரு கட்டத்திலும் முன்னொட்டு வேண்டும்: 'எஸ்:யூஆர்எல்/எஸ்:லாக்'. ஆட்ரிப்யூட்டுக்கு (டேக்குக்குள்ளேயே எழுதப்படும் பெயர்-மதிப்பு ஜோடி) நேர்மாறு. முன்னொட்டு இல்லாமல் அறிவிக்கப்படும் டீஃபால்ட் நேம்ஸ்பேஸ் ஆட்ரிப்யூட்டுகளுக்குப் பொருந்தாது. அதனால் பக்கத்தின் வேறு மொழி வடிவத்தைக் காட்டும் இணைப்பில் உள்ள 'எச்ரெஃப்லாங்'கை வெறும் பெயரிலேயே எடுக்கலாம்.

பைத்தான் 3.8 முதல் நெளிவு அடைப்புக்குள் நட்சத்திரக் குறி போட்டு எந்த நேம்ஸ்பேஸையும் பிடிக்கலாம். சைட்மேப்புக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். படங்களின் முகவரியும் 'இமேஜ்:லாக்' என்ற பெயரில் அதே கோப்பில் இருக்கலாம். கோப்பு முழுக்க 'லாக்' தேடினால் பக்கமும் படமும் கலந்து வரும்.

ரீஜெக்ஸ் (எழுத்து வடிவத்தைத் தேடி மாற்றும் முறை) வைத்து எக்ஸ்எம்எல்என்எஸ் வரிகளை எல்லாம் அழித்துவிடுவதும் வேண்டாம். 'இமேஜ்' முன்னொட்டு அநாதையாகி, பார்சர் 'அன்பவுண்ட் பிரிஃபிக்ஸ்' என்று நின்றுவிடும்.

படி 4: கோப்பைத் திரும்ப எழுதும்போது டேக்குகளின் முன்னால் 'என்எஸ்0:' போன்ற முன்னொட்டு சேர்ந்திருக்கும். எக்ஸ்எம்எல் விதிப்படி அது சரிதான், ஆனால் டேக்கை வெறும் எழுத்தாகத் தேடும் ஸ்கிரிப்ட்கள் உடையும். எழுதுவதற்கு முன் ரெஜிஸ்டர்_நேம்ஸ்பேஸில் காலி முன்னொட்டோடு அந்த முகவரியைப் பதிந்துவிடுங்கள். இமேஜ் நேம்ஸ்பேஸ் இருந்தால் அதையும் தனியாகப் பதியுங்கள்.

பின்சேர்க்கை: எல்எக்ஸ்எம்எல் என்ற வேறொரு பைத்தான் நூலகம் வைத்திருப்பவர்கள் ரூட்டின் என்எஸ்மேப்பை (முன்னொட்டு-முகவரி டிக்‌ஷ்னரி) அப்படியே எக்ஸ்பாத் தேடலுக்குக் கொடுத்தால் டைப்எரர் வரும். டீஃபால்ட் நேம்ஸ்பேஸ் அதில் 'நன்' (பைத்தானின் வெற்று மதிப்பு) என்ற சாவியில் இருக்கிறது, எக்ஸ்பாத் 1.0-இல் காலி முன்னொட்டுக்கு இடமில்லை. அந்தச் சாவியை மட்டும் 'எஸ்' என்று மாற்றிக் கொடுங்கள்.