கைத்துப்பாக்கிக் குழலில் இறுகிப்போன மரைமூடியைக் கழற்றும் முறை

ஒலியடக்கி பொருத்துவதற்காகக் குழலின் நுனியில் மரை வெட்டப்பட்ட கைத்துப்பாக்கிகள் அமெரிக்காவின் பல மாநிலங்களில் சாதாரணமாகக் கடைகளில் கிடைக்கின்றன. ஒலியடக்கி இல்லாத நேரத்தில் அந்த மரை அடிபடாமல் இருப்பதற்காகத் தடித்த மோதிரம் போன்ற ஒரு மூடியை அதன்மேல் திருகி வைத்திருப்பார்கள். கடைகளில் இதற்கு 'த்ரெட் ப்ரொடெக்டர்' என்று பெயர். நான் மரைமூடி என்று குறிப்பிடுகிறேன். விரல்களால் திருகினாலே வந்துவிட வேண்டிய பொருள் இது. ஆனால் மாதக்கணக்கில் கழற்றாமல் சுட்டுக்கொண்டிருந்தால், கரியும் ஈயத்தூளும் மரையின் இடுக்குகளில் இறங்கி, ஒவ்வொரு முறையும் சூடேறி ஆறும்போது கெட்டிப்பட்டு, மூடியைக் குழலோடு ஒட்ட வைத்துவிடும். அந்த நிலையில் கையில் கிடைத்த பிளையரால் பிடித்து முறுக்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. மூடி பாழானால் சிறு தொகைக்கு வேறொன்று வாங்கிக்கொள்ளலாம், குழலின் மரை பாழானால் குழலையே மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே பலி கொடுப்பதென்றால் மூடியைத்தான் கொடுக்க வேண்டும்.

முதலில், மூடி இறுகியிருக்கிறதா அல்லது வேண்டுமென்றே நிரந்தரமாகப் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களின் சட்டம், கழற்றக்கூடிய மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) உள்ள அரைத் தானியங்கு கைத்துப்பாக்கியில் மரை வெட்டிய குழல் இருப்பதைத் தடைசெய்யப்பட்ட ஆயுதத்துக்குரிய அடையாளமாகக் கொள்கிறது. 1994 முதல் 2004 வரை நடப்பில் இருந்த கூட்டரசுத் தடையிலும் இதே அம்சம் இருந்தது. அதனால் சில குழல்களில் மூடியைப் பற்றவைத்தோ, 1100 டிகிரி ஃபாரன்ஹீட்டில் உருகும் வெள்ளிப் பற்றாசு வைத்தோ, பக்கவாட்டில் ஊசி இறக்கி அதன் தலையைப் பற்றவைத்து அடைத்தோ நிரந்தரமாக்கியிருப்பார்கள். மூடியின் பக்கத்தில் வட்டமான சிறு பற்றுப்பொட்டு தெரிந்தாலோ, மூடியும் குழலும் சேரும் விளிம்பில் வெள்ளி நிறக் கோடு ஓடினாலோ, அதைத் தொடாதீர்கள். அது உங்கள் கைவலிமைக்கு வராது என்பது ஒருபுறமிருக்க, அதைக் கழற்றுவது உங்களைக் குற்றவாளியாக்கிவிடக்கூடும்.

அடுத்து, மேகசினை எடுத்துவிட்டு, ஸ்லைடை (குழலின்மேல் முன்னும் பின்னும் நகரும் மேற்பாகம்) பின்னிழுத்து நிறுத்தி, தோட்டா அறை காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்து, விரலை விட்டும் தொட்டுப் பாருங்கள். தோட்டாக்கள் அனைத்தையும் வேறோர் அறையில் வைத்துவிடுங்கள். பிறகு துப்பாக்கியைப் பிரித்துக் குழலைத் தனியாக வெளியே எடுங்கள். பிரிக்காமலே மூடியை முறுக்கினால், அந்த முறுக்கு முழுவதும் குழலின் அடியில் உள்ள பூட்டுமுனைகளிலும் ஸ்லைடின் உட்புறத்திலும் போய் இறங்கும். அவை அந்தத் திசை விசையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

இனி நான் மிக முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன்: எந்தப் பக்கம் திருப்புவது? அமெரிக்கத் தயாரிப்புகளில் 9 மில்லிமீட்டர், .22 ஆகிய தோட்டா அளவுகளுக்கான குழல்களுக்கு அரை அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 28 சுற்றும் கொண்ட வலது மரையே வழக்கம்; .45-க்கு விட்டம் .578 அங்குலம், அதுவும் வலது மரைதான். குழல்வாய் உங்களைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டால் இவை இடஞ்சுழியாகத் திருப்பக் கழலும். ஆனால் ஐரோப்பியத் தயாரிப்புகள் பலவற்றில் 13.5 மில்லிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் இடைவெளியும் கொண்ட இடது மரை வெட்டியிருப்பார்கள். ஹெக்லர் அண்ட் காக் நிறுவனத்தின் .45 யூ.எஸ்.பி. டாக்டிக்கலில் 16 மில்லிமீட்டர் இடது மரை. இவை வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். நம் வீட்டு மேசை மின்விசிறியின் இறக்கையைப் பிடித்திருக்கும் குமிழைக் கழற்றியவர்களுக்கும், சைக்கிளின் இடது பெடலை மாற்றியவர்களுக்கும் இது புதிதல்ல.

இதில் பலர் சிக்கும் இடம் கிளாக் நிறுவனத்தின் துப்பாக்கிகள். நிறுவனம் மரை வெட்டித் தரும் 9 மில்லிமீட்டர் குழல் 13.5 இடது மரை. அதே துப்பாக்கிக்கென வேறு நிறுவனங்கள் செய்து விற்கும் குழல்களில் பெரும்பாலானவை அரை அங்குல வலது மரை. ஆகவே துப்பாக்கியின் பெயரை வைத்து முடிவு செய்யாமல், குழலை யார் செய்தார்கள் என்று பார்த்து அவர்களுடைய கையேட்டில் உறுதிசெய்துகொள்ளுங்கள். மூடிக்கு வெளியே மரை ஓரிரு சுற்று தெரிந்தால் இன்னும் எளிது: குழலை நிமிர்த்திப் பிடியுங்கள், மரைக்கோடு இடமிருந்து வலமாக ஏறினால் வலது மரை, வலமிருந்து இடமாக ஏறினால் இடது மரை. ஒருமுறை என்னிடம் வந்த குழலில் மூடி முழுவதும் பிளையரின் பல்தடம் பதிந்திருந்தது. எண்ணெயும் விட்டிருந்தார்கள், சூடும் காட்டியிருந்தார்கள். சரியான பக்கம் திருப்பியதும் இரண்டாம் முயற்சியிலேயே வந்துவிட்டது. அதுவரை அவர்கள் இறுக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

திசை தெரிந்தபின் குழலைப் பிடிக்க வழி செய்யுங்கள். ஓக் அல்லது மேப்பிள் போன்ற கடின மரக்கட்டையில், குழலின் வெளிவிட்டத்துக்குச் சரியான அளவில் ஒரு துளை போட்டு, துளையின் நடுவே போகும்படி கட்டையை இரண்டாக அறுத்துக்கொள்ளுங்கள். ரம்பம் தின்ற அகலத்தால் இரு பாதிகளும் சேரும்போது துளை சற்றே குறுகும், அந்தக் குறுகல்தான் குழலைக் கவ்வும். வழுக்கினால் வயலின் வில்லுக்குத் தேய்க்கும் ரோசினைப் பொடித்துத் தூவுங்கள். இந்தக் கட்டைகளுக்கிடையே குழலை வைத்து, மூடிக்கு இயன்றவரை அருகில் வைஸில் இறுக்குங்கள். இரும்புத் தாடை நேரடியாகக் குழலைத் தொடக்கூடாது. குழலுக்குள் ஸ்க்ரூடிரைவரோ கம்பியோ விட்டு நெம்பவே கூடாது. குழல்வாயின் உள்விளிம்பில் விழும் ஒரு சிறு கீறல்கூடக் குறியைக் கெடுக்கும். குழல் உடலோடு நிலையாக இணைந்திருக்கும் .22 துப்பாக்கிகளிலும் குழலையேதான் பிடிக்க வேண்டும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முறுக்கக்கூடாது.

கரியும் லேசான துருவும்தான் காரணம் என்றால் எண்ணெயே போதும். ஊடுருவும் எண்ணெயைச் சிறு கிண்ணத்தில் அரை அங்குல உயரத்துக்கு ஊற்றி, மூடி முழுகும்படி குழலைத் தலைகீழாக நிறுத்தி ஓரிரவு விட்டுவிடுங்கள். அவசரப்படுபவர்கள் பத்து நிமிடத்தில் எடுத்துவிடுகிறார்கள், மரையின் நுண்ணிய சந்துக்குள் எண்ணெய் ஏறுவதற்கு மணிக்கணக்கில் ஆகும். முந்தைய உரிமையாளர் மரைப்பசை இட்டிருந்தால் எண்ணெயால் பயனில்லை. நீலநிற லாக்டைட் 242 சாதாரணக் கருவிகளுக்கு மசியும். சிவப்பான 271 சுமார் 250 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால்தான் இளகும்.

சூடேற்றுவதற்கு முன் எண்ணெயை முற்றிலும் துடைத்துவிட்டு, காற்றோட்டமான இடத்துக்குப் போய்விடுங்கள். பசையில்லாத மூடிக்குப் பல நேரங்களில் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்தாலே போதும். அதற்கும் அசையாவிட்டால் ஹீட் கன்னை மூடியின்மேல் மட்டும் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். மூடி அலுமினியமாக இருந்தால் வெப்பம் உங்கள் பக்கம் நிற்கும், ஏனென்றால் அலுமினியம் எஃகைப்போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். அரை அங்குல மரையில் 150 டிகிரி சூடு ஏறினால் மூடி குழலைவிட ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு கூடுதலாக விரிந்திருக்கும். கேட்பதற்கு அற்பமாக இருந்தாலும், கெட்டிப்பட்ட கரியின் பிடி நெகிழ்வதற்கு அது போதும். தீச்சுவாலை காட்டும் டார்ச்சை நான் பரிந்துரைப்பதில்லை. எஃகு வைக்கோல் நிறத்துக்கு மாறத் தொடங்கினால் 200 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று பொருள், டார்ச்சில் அந்த எல்லை சில நொடிகளில் கடந்துபோய்விடும். இன்னும் சில ரவுண்டு சுட்டுச் சூடாக்கினால் தானே இளகும் என்று சிலர் சொல்வதையும் ஏற்காதீர்கள். மேலும் கரி ஏற்றுவதைத் தவிர அதனால் நடப்பது ஒன்றுமில்லை.

மூடியில் ஸ்பேனருக்கான தட்டைப் பக்கங்கள் இருந்தால் அளவு சரியான ஸ்பேனரையே பயன்படுத்துங்கள். உருண்டையாக இருந்தால் ரப்பர் பட்டை கொண்ட ஸ்ட்ராப் ரெஞ்ச் சிறந்தது. அது இல்லையென்றால் பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டை வெட்டி மூடியைச் சுற்றிக்கொண்டு, அதன்மேல் பிளையரை வைக்கலாம். ஒரே மூச்சில் பலத்தைச் செலுத்தாமல், ஸ்பேனரின் நுனியில் உள்ளங்கையால் குறுகிய தட்டுகளாகத் தட்டுங்கள். மூடியின் பிடி பெரும்பாலும் அது குழலின் தோளில் (மரை முடிந்து குழல் தடிக்கும் விளிம்பில்) முட்டி நிற்கும் இடத்தில்தான் இருக்கும் என்பதால், முதல் கால் சுற்று அசைந்ததும் மீதி எளிதாக வர வேண்டும். அப்படி வராமல், போகப் போக மீண்டும் இறுகினால் உடனே நிறுத்துங்கள். மூடியும் குழலும் துருப்பிடிக்கா எஃகாக இருக்கும்போது இரண்டின் மேற்பரப்பும் ஒன்றையொன்று கவ்விப் பெயர்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் பலம் கொடுத்தால் மரை பெயர்ந்து மூடியோடு வந்துவிடும். அரைச் சுற்று திரும்ப உள்ளே செலுத்தி, எண்ணெய் விட்டு, மறுபடி வெளியே எடுத்து, இப்படி முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டெடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு அசையாத மூடியை வெட்டித்தான் எடுக்க வேண்டும். குழல்வாயைத் துணியால் அடைத்துவிட்டு, மெல்லிய அரத்தால் மூடியின் நீளவாக்கில் ஒரு பள்ளம் அராவுங்கள். மூடியின் சுவர் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனமே இருக்கும், ஆகவே அடியில் காகிதக் கனம் மிஞ்சும்போதே நிறுத்திவிட்டு, பள்ளத்தில் அகலமான ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருகினால் மூடி வெடித்து விரியும். அதன்பின் கையால் சுழற்றி எடுத்துவிடலாம். அரம் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் இந்தக் கட்டத்தைத் துப்பாக்கிப் பட்டறையில் ஒப்படைத்துவிடுங்கள், அதில் குறைவொன்றும் இல்லை.

மூடி வந்ததும் மரையை நைலான் தூரிகையும் கரைப்பானும் கொண்டு சுத்தம் செய்து, நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு சுற்றாகப் பாருங்கள். புதிய மூடி விரல்களாலேயே கடைசிவரை ஏறித் தோளில் அமர வேண்டும். நடுவில் தடைப்பட்டாலோ ஆட்டம் கண்டாலோ அந்தக் குழலில் ஒலியடக்கியைப் பொருத்தாதீர்கள். கோணிய ஒலியடக்கிக்குள் போகும் குண்டு அதன் உள்தட்டுகளில் இடித்துவிடும். மரை நன்றாக இருந்தால் துளியளவு கிரீஸ் தடவி, தோளில் மெல்லிய ஓ-ரிங் ஒன்றை வைத்து, கையிறுக்கமாக மட்டும் மூடியைத் திருகுங்கள். மூடிக்கும் குழலுக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்டால் ஒரு சிறு கோடு இழுத்துவிட்டால், மூடி இளகியிருக்கிறதா என்பது சுடுதளத்தில் ஒரே பார்வையில் தெரியும். ஒவ்வொரு முறை சுட்டுத் திரும்பிக் குழலைத் துடைக்கும்போதும் மூடியையும் கழற்றித் துடைத்துவிடுங்கள்.