உயர்தரப் பரீட்சை மண்டபத்தில் இடையூறு நேர்ந்தால் என்ன செய்வது?

பரீட்சை மண்டபத்தில் ஏற்படும் இடையூறு எந்த வகையானதாயினும், அது மாணவரிடமிருந்து பறிப்பது நேரத்தையே ஆகும். இலங்கையின் க.பொ.த. உயர்தரத்தில் பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் ஆகிய பாடங்களின் முதலாம் வினாத்தாளில் 50 பல்தேர்வு வினாக்களுக்கு 2 மணித்தியாலங்கள் வழங்கப்படுகின்றன. ஒரு வினாவுக்குக் கிடைப்பது 2 நிமிடமும் 24 செக்கனும் மட்டுமே என்பதால், 5 நிமிடம் வீணானால் இரண்டு வினாக்கள் கைநழுவிவிடும். பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி நான்கு தசம தானங்கள் வரை கணிக்கப்படும்போது, அந்த இரண்டு வினாக்கள் சிறிய விடயமல்ல. எனவே இழந்த நேரத்தைப் பற்றி மண்டபத்துக்குள்ளேயே, அந்த நேரத்திலேயே பேச வேண்டும். விடைத்தாள்கள் சேகரிக்கப்பட்டுவிட்டால் அதற்குப் பின்னர் எவராலும் அந்த நிமிடங்களைத் திருப்பித் தர முடியாது.

முதலில் இரைச்சலைப் பார்ப்போம். அண்மைய ஆண்டுகளில் இப்பரீட்சை பெரும்பாலும் வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் நடைபெற்றுள்ளது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் நவம்பர் மழை தகரக் கூரையில் விழத் தொடங்கினால், மண்டபத்துக்குப் பொறுப்பான மேற்பார்வையாளர் அறிவிக்கும் மீதி நேரம் பின்வரிசைக்கு எட்டாது. சுவர்க் கடிகாரமும் சில வேளைகளில் தவறாக ஓடும். ஆகையால் சாதாரண முட்கடிகாரம் ஒன்றைக் கையில் கட்டிச் சென்று, பரீட்சை ஆரம்பமாகும் கணத்தில் மண்டபத்துக் கடிகாரத்துக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனித்து வையுங்கள். ஸ்மார்ட் கடிகாரத்துக்கும் கைத்தொலைபேசிக்கும் மண்டபத்தில் இடமில்லை. அணைத்து வைத்திருந்தேன் என்ற விளக்கமும் அங்கே எடுபடாது.

மழையைவிடக் குறுகிய, திடீர் ஒலிகளே கவனத்தை அதிகம் குலைக்கின்றன. பாண் விற்கும் முச்சக்கரவண்டி அதே மெட்டை ஒலித்தபடி மதிலோரம் ஊர்ந்து செல்லும்; கோயில் ஒலிபெருக்கியில் அன்னதான அறிவித்தல் வரும்; விறாந்தையில், மாணவரைக் கண்காணிக்கும் நோக்குநர்கள் இருவர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பார்கள். பல்தேர்வு வினாத்தாளில் இத்தகைய ஒரு கணத்தில்தான் புள்ளடி ஒரு வரி மாறி விழுகிறது: 23ஆம் வினாவின் விடை 24ஆம் வரிக்குப் போய், அதன் பின்னர் வரும் அனைத்தும் ஒவ்வொன்றாக நகர்ந்துவிடும். கவனம் சிதறியது என்று உணர்ந்தவுடன், அடுத்த வினாவை வாசிப்பதற்கு முன் வினா இலக்கத்தையும் விடைத்தாளின் வரி இலக்கத்தையும் விரல் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டுரை வினாவாயின், நிறுத்திய வாக்கியத்தை மட்டும் வாசித்துத் தொடருங்கள். பக்கத்தின் தொடக்கத்துக்குத் திரும்பிச் செல்வது வீண்.

இதற்கான பயிற்சி வீட்டிலேயே தொடங்க வேண்டும். பிள்ளை சோதனை எடுக்கப்போகிறாள் என்று ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே தொலைக்காட்சியை அணைத்து, வீடு முழுவதும் அடிமேல் அடி வைத்து நடப்பது நம் பகுதிப் பெற்றோரின் வழக்கம். அன்பால் செய்வதுதான் என்றாலும், அது உதவுவதைவிடக் கெடுப்பதே அதிகம் என்பது என் கருத்து. முழு அமைதிக்குப் பழகிய காது மண்டபத்துச் சிறு ஒலிக்கும் திடுக்கிடும். கடந்தகால வினாத்தாள்களில் சிலவற்றையேனும் காலை 8.30க்கு, தெரு பார்த்த விறாந்தையில் அமர்ந்து, முழு நேரமும் எழுந்திராமல் எழுதிப் பழகுவது நல்லது.

காதடைப்பான் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டாம். காதுகள் தெரிய வேண்டும் என்பதில் பரீட்சை அதிகாரிகள் கண்டிப்பாக இருக்கிறார்கள். 2024இல் வெளியான உயர்தரப் பெறுபேறுகளில், காதுகளை மறைக்கும் ஆடையுடன் எழுதினார்கள் எனக் கூறித் திருகோணமலையில் 70 மாணவிகளின் பெறுபேறுகள் நிறுத்திவைக்கப்பட்டு, பின்னரே வெளியிடப்பட்டன. அந்த மாணவிகள் பட்ட மன உளைச்சல் நியாயமானதா என்பது வேறு கேள்வி. ஆனால் பர்தா அணியும் அம்பாறை, மட்டக்களப்பு மாணவிகள் முதல் நாளிலேயே மேற்பார்வையாளரிடம் இதைப் பற்றிக் கேட்டு, தேவையாயின் பெண் நோக்குநர் ஒருவர் காதுகளைப் பரிசோதிக்குமாறு தாமாகவே வேண்டிக்கொள்வது பிற்காலத் தொல்லையைத் தவிர்க்கும்.

ஆடும் மேசை, ஒழுகும் கூரை, தாள்களைப் பறக்கவிடும் மின்விசிறி ஆகியவற்றை வினாத்தாள் வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். மேசைக் காலின் கீழே கடதாசி மடித்து வைக்கும் வேலையை நீங்களே செய்யாதீர்கள். மண்டபத்தில் மடித்த கடதாசி எதற்காக என்று எவரும் கேட்கலாம்.

இரண்டாம் வினாத்தாளுக்கு வழங்கப்படும் 10 நிமிட மேலதிக வாசிப்பு நேரத்தில், உங்களுக்குரிய மொழிமூல வினாத்தாளா, எல்லாப் பக்கங்களும் உள்ளனவா என்று பார்ப்பதே முதல் வேலை. வரவுப் பதிவுக்காக நோக்குநர் நடுவில் வந்து நிற்பார் என்பதால், அனுமதி அட்டையையும் அடையாள அட்டையையும் மேசை ஓரத்தில் படம் தெரிய வைத்திருந்தால் பேனாவைக் கீழே வைக்க வேண்டிய நேரம் குறையும். மேலதிகத் தாளை, கையிலுள்ள தாளில் கால் பக்கம் மீதமிருக்கும்போதே கேளுங்கள்.

நோக்குநரால் சிக்கல் வருமாயின், எழுந்து நிற்காமல் கையை உயர்த்தி, சுருக்கமாக, நேரத்தைக் குறிப்பிட்டுப் பேச வேண்டும். “சேர், வினாத்தாள் எனக்கு 8.47க்குத்தான் கிடைத்தது, அந்த நேரத்தைச் சேர்த்துத் தரும்படி மேற்பார்வையாளரிடம் சொல்ல முடியுமா?” என்பது போதும். நேரத்தைப் பற்றி முடிவெடுக்கக்கூடியவர் மேற்பார்வையாளரே. நோக்குநருடன் வாதாடுவது உங்கள் நிமிடங்களையே தின்னும். நோக்குநர்கள் பேசுவது இடையூறாக இருந்தால், “மிஸ், கொஞ்சம் மெதுவாகப் பேச முடியுமா?” என்று கேட்பது அவமதிப்பு ஆகாது. பெரும்பாலானோர் உடனே நிறுத்திவிடுவர்.

பின்னாலிருப்பவர் விடை கேட்டால், “கேட்காதே” என்றுகூடத் திரும்பிச் சொல்லாதீர்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அதுவும் பேச்சாகவே தெரியும். விடைத்தாளை மறைத்துக்கொண்டு கையை உயர்த்துங்கள். உங்கள் மீதே பார்த்தெழுதிய குற்றம் சுமத்தப்பட்டால், குரலை உயர்த்தாமல் மறுத்து, தொடர்ந்து எழுத அனுமதி கேளுங்கள். எழுத்துமூல வாக்குமூலம் கோரப்பட்டால் நடந்ததை மட்டும் எழுதுங்கள். வாசிக்காத எதிலும் கையொப்பமிட வேண்டாம். பரீட்சைக் குற்றங்கள் 1968ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுப் பரீட்சைகள் சட்டத்தின் கீழ் வருபவை என்பதால், பயத்தில் எழுதிக்கொடுக்கும் ஒரு வரி பின்னர் பெரும் சுமையாகலாம்.

வெள்ளம் இவை எல்லாவற்றிலும் வேறுபட்டது. 2024 நவம்பர் 25இல் தொடங்கிய பரீட்சை 27ஆம் திகதி முதல் இடைநிறுத்தப்பட்டு, டிசம்பர் 4இலேயே மீண்டும் தொடங்கியது. பட்டிருப்பு, மண்டூர்ப் பக்கத்திலிருந்தோ மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் உட்கிராமங்களிலிருந்தோ வருபவர்கள், பாதையில் நீர் பாயும்போது உழவு இயந்திரத்தில் ஏறிக் கடக்க முயலாமல், அதிபருக்கும், பரீட்சைத் திணைக்களத்தின் 1911, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஆகிய இலக்கங்களுக்கும் உடனே அறிவிக்க வேண்டும்.

மண்டபத்தில் தீர்வு கிடைக்காவிட்டால், அன்று மாலையே முறைப்பாட்டை எழுதுங்கள். சுட்டெண், பரீட்சை நிலைய இலக்கம், பாடம், வினாத்தாள், திகதி, இடையூறு தொடங்கிய நேரம், முடிந்த நேரம், யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன பதில் தந்தார் ஆகியவை அதில் இருக்க வேண்டும். நோக்குநரின் குணத்தைப் பற்றிய வர்ணனை தேவையில்லை. பாடசாலைப் பரீட்சார்த்திகள் அதிபர் ஊடாகவும், தனிப்பட்ட பரீட்சார்த்திகள் நேரடியாகவும் பத்தரமுல்லை, பெலவத்தையிலுள்ள பரீட்சை ஆணையாளர் நாயகத்துக்கு அதனைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியொன்றை வலயக் கல்வி அலுவலகத்துக்கும் கொடுத்து, பற்றுச்சீட்டைப் பெறுபேறு வரும்வரை பத்திரமாக வைத்திருங்கள். அதே மண்டபத்தில் இருந்த வேறு மாணவர்களும் பாதிக்கப்பட்டிருந்தால், ஒவ்வொருவரும் தத்தம் சுட்டெண்ணுடன் தனித்தனியாக எழுதுவதே நல்லது.