பழைய டிராமை லாரியில் ஏற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் டிராலி என்றால் நாம் சொல்லும் டிராம்தான். 1939இல் மெய்ன் மாநிலத்தில் சில ரயில் பிரியர்கள் ஒன்றுசேர்ந்து, பிடிஃபோர்ட் - சாகோ பாதையில் ஓடிய 31ஆம் எண் வண்டியை 150 டாலருக்கு வாங்கினார்கள். இன்றைய சீஷோர் டிராலி அருங்காட்சியகம் அப்படித்தான் தொடங்கியது. இப்படி ஒரு வண்டியை வாங்கிவிடலாம், ஆனால் அதை உடையாமல் கொட்டகைக்குக் கொண்டுவர வேண்டுமே! அந்த வேலையைப் பல நேரம் சின்னக் குடும்ப நிறுவனங்கள்தான் செய்து கொடுக்கின்றன. அப்பா ட்ரக் ஓட்டுவார், பிள்ளைகளில் ஒருவர் முன்னால் வழிகாட்டும் பைலட் காரில் போவார், வீட்டிலிருந்து ஒருவர் பர்மிட் வேலையைப் பார்ப்பார்.

இவர்களைக் கடைசியில் கூப்பிடுவதுதான் முதல் தவறு, என்னைக் கேட்டால் மற்ற தவறுகளுக்கெல்லாம் தாய்த் தவறும் அதுதான். வண்டியை வாங்கி, கிரேனுக்குத் தேதி குறித்து, எல்லாம் முடிந்த பிறகு ‘அடுத்த வாரம் வர முடியுமா’ என்று போன் செய்தால் எப்படி? அங்கே 2.59 மீட்டருக்கு மேல் அகலம் போனால் தனி அனுமதி வேண்டும், அதுவும் வழியில் உள்ள ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனியாக. 1936இல் புரூக்ளினில் ஓடத் தொடங்கிய பிசிசி வகை டிராம்கள் பல ஊர்களில் 2.54 மீட்டர்தான், ஆனால் சிகாகோவில் ஓடியவை 2.74 மீட்டர். ஒரே பெயர்தானே என்று நம்பி ஏமாறக் கூடாது. காகிதத்தில் இருக்கும் அளவை விட்டுவிட்டு, டேப்பை எடுத்துக்கொண்டு நேரில் போய் அளந்து பாருங்கள். உயரமும் அப்படித்தான். கிழக்கு மாநிலங்களில் பெரும்பாலும் தரையிலிருந்து 4.11 மீட்டர்தான் வரம்பு, அதற்குள் ட்ரெய்லரின் உயரமும் அடங்க வேண்டும். கூரை மேல் மின்கம்பியைத் தொடும் அந்த நீளக் கம்பத்தை மடக்கிக் கட்டினால் போதும் என்று நினைக்காமல், கழற்றிக் கீழே வைத்துவிடுங்கள்.

அப்புறம் தண்டவாள அகலம். இதில் கோட்டை விடுபவர்கள் நிறைய. டிராமைத் தூக்காமல், ட்ரெய்லர் மேலே தண்டவாளம் போட்டு, சரிவில் வின்ச் (கம்பியைச் சுற்றி இழுக்கும் கருவி) வைத்து அதன் சொந்தச் சக்கரத்திலேயே உருட்டி ஏற்றுவது நல்ல முறை. சாதாரண ரயில் பாதை 1435 மில்லிமீட்டர். ஆனால் பிட்ஸ்பர்க் டிராம் 1588, ஃபிலடெல்பியா 1581, பால்டிமோர் 1638. ரயில் கம்பெனிகள் தங்கள் சரக்கு வண்டிகளைத் தெருப் பாதையில் ஓட்டிவிடக் கூடாது என்றுதான் இப்படி அகலத்தை மாற்றினார்கள் என்று சொல்வார்கள். காரணம் எதுவாக இருந்தாலும், ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலும் என்ன அகலம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், ட்ரெய்லரில் இருக்கும் தண்டவாளத்தை அதற்கேற்ப நகர்த்திக்கொண்டு வருவார்கள். சொல்லாமல் விட்டால் 15 சென்டிமீட்டர் வித்தியாசத்தோடு எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால், எங்கே பிடித்துத் தூக்குவது என்பதுதான் வண்டியின் உயிர். உடல் தனி, சக்கரமும் மோட்டாரும் உள்ள போகி தனி, நடுவில் ஒரு முளையில்தான் உடல் உட்கார்ந்திருக்கும். மோட்டார் கேபிளையும் பிரேக் கம்பிகளையும் கழற்றாமல் கிரேன் இழுத்தால் அவை பிய்ந்துகொண்டு வரும். மர வண்டிகளில் இன்னும் கவனம் வேண்டும். பாதைகள் மூடப்பட்ட காலத்தில் பல வண்டிகளின் உடலை மட்டும் விற்றார்கள். அவை வீடாகவும் உணவகமாகவும் கோழிக் கொட்டகையாகவும் கிடந்தன. மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், அடிக்கட்டை மக்கிப்போயிருக்கும். அதை இரண்டு முனையில் பெல்ட் போட்டுத் தூக்கினால் நடுவில் முறிந்துவிடும். அடியில் இரும்பு உத்திரங்களைக் கொடுத்து, உள்ளே குறுக்குக் கட்டைகள் அடித்த பிறகுதான் தொட வேண்டும். இதற்கு ஒரு நாள் கூடுதலாக ஆகட்டும், பரவாயில்லை.

கட்டுவதில் அவசரப்படாதீர்கள். சங்கிலியை உடலின் மேல் போட்டு இறுக்கினால் மரம் நசுங்கும். போகியின் சட்டத்தில் கட்டி, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். சங்கிலிகளின் மொத்தத் தாங்குதிறன் சரக்கு எடையில் பாதியாவது இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். வண்டியின் கைப்பிரேக்கை நம்பவே கூடாது. ஜன்னல்களையும் மூடிக் கட்டுங்கள். பழைய கூரையில் ஒட்டியிருக்கும் கித்தான் ஓரம் கிழிந்திருந்தால், நெடுஞ்சாலைக் காற்று அதை முழுசாக உரித்துவிடும்.

வழியில் பாலத்தை மட்டும் பார்த்துவிட்டு ரயில்வே கேட்டை மறந்துவிடுகிறார்கள். தாழ்வான ட்ரெய்லர் மேடான தண்டவாளத்தில் வயிறு தட்டி நின்றுவிடும், அப்போது ரயில் வந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் ரயில்வே கேட் அருகே நீலப் பலகையில் அவசர எண்ணும் அந்த இடத்தின் அடையாள எண்ணும் இருக்கும். மாட்டிக்கொண்டால் முதலில் எல்லோரும் இறங்கித் தள்ளிப் போய், அந்த எண்ணுக்குத்தான் போன் செய்ய வேண்டும்.

வந்து சேரும் இடத்தையும் தயார் செய்யுங்கள். ட்ரக்கும் ட்ரெய்லரும் சேர்ந்து நீளமான வண்டி, பாதையின் முனைக்கு நேராகப் பின்னால் வர இடம் வேண்டும். மழை பெய்து மண் குழைந்திருந்தால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். நீங்கள் தயாராக இல்லாமல் அவர்களைக் காக்க வைக்கும் ஒவ்வொரு நாளும் அந்தக் குடும்பத்துக்கு வருமானம் இல்லாத நாள். அருங்காட்சியகம் என்பதற்காகக் குறைந்த கூலிக்கு வந்திருப்பவர்களை அப்படி நிறுத்தி வைப்பது நியாயமே இல்லை. ஏற்றுவதற்கு முன் எடுத்த படங்களை வைத்து, இறக்கியதும் அவர்களோடு சேர்ந்தே வண்டியைச் சுற்றிப் பாருங்கள். பல வருடம் பழுது பார்த்து அந்த டிராம் மறுபடி ஓடும் நாளில், அவர்களைக் கூப்பிட மறந்துவிடாதீர்கள்.