பேரியாட்ரிக் சர்ஜரிக்கு முன்னும் பின்னும் புரோட்டீன் பானம்: வாங்குவது, கலப்பது, குடிப்பது

பேரியாட்ரிக் சர்ஜரி என்றால் உடல் எடையைக் குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன். அதில் ஒரு வகையான ஸ்லீவ் சர்ஜரி என் அக்காவுக்கு நடந்தபோது, முதல் இரண்டு மாதமும் அவளுக்குப் புரோட்டீன் பானம் கலந்து கொடுத்தது நான்தான். டிஸ்சார்ஜ் ஆகும்போது தந்த தாளில் "தினமும் 60 முதல் 80 கிராம் புரதம்" என்று ஒரே ஒரு வரி இருந்தது. ஒரு வேளைக்கு நான்கு வாய் கூட இறங்காதவளுக்கு அதை எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் முதல் வாரம் தவித்துப்போனோம். இன்னொரு வீட்டுக்கு அந்தத் தவிப்பு வேண்டாம். உங்கள் டயட்டீஷியன் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடங்கவே கூடாது.

1. டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்

பின்பக்க அட்டவணையில் முதலில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒரு ஸ்கூப்பில் புரதம் 20 கிராமுக்கு மேல் இருக்க வேண்டும், சர்க்கரை 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். சில டப்பாக்களில் 100 கிராமுக்கான கணக்குதான் பெரிதாக இருக்கும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். கடையில் புரோட்டீன் பவுடர் என்று கேட்டால் மாஸ் கெய்னரை எடுத்து நீட்டுவதும் உண்டு. அது எடை கூட்டுவதற்கான மாவுச்சத்துப் பவுடர். கொலாஜன் பவுடரை மட்டும் நம்பியும் இருக்க முடியாது, டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் அதில் கிடையாது. பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, அது மிகக் குறைவான வே ஐசோலேட் (பால் தெளிநீரில் இருந்து பிரித்த புரதப் பவுடர்) சரியாக வரும். பால் பொருளே வேண்டாம் என்றால் சோயா ஐசோலேட் இருக்கிறது.

சின்னப் பாக்கெட்டாக வாங்குங்கள். சர்ஜரிக்குப் பிறகு பலருக்கு நாக்கின் ருசி மாறிவிடுகிறது. அக்கா ஆசைப்பட்டு வாங்கிய சாக்லேட் பவுடரின் வாசனையே பிறகு அவளுக்குக் குமட்டியது. சுவை சேர்க்காத பவுடர் ஒன்றையும் கூடவே வாங்கி வைத்தால் மோரிலும் ரசத்திலும் கலக்கலாம்.

2. சர்ஜரிக்கு முந்தைய இரண்டு வாரம்

இந்த இரண்டு வாரத்தில் எடை குறைவது நல்லதுதான், ஆனால் முக்கிய நோக்கம் கல்லீரலைச் சுருக்குவது. கல்லீரலின் இடது பகுதி இரைப்பையின் மேல் படர்ந்திருக்கிறது. கொழுப்பு சேர்ந்து அது வீங்கியிருந்தால், லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளைகள் வழியே செய்யும் ஆபரேஷனில்) அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரைப்பையை எட்டுவது சர்ஜனுக்குக் கஷ்டம். மாவுச்சத்தைக் குறைத்ததும் கல்லீரலில் சேமிப்பாக இருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்தும், அதோடு சேர்ந்திருக்கும் நீரும், அப்புறம் கொழுப்பும் கரையத் தொடங்கும். அதனால்தான் சோறு, இட்லி, சப்பாத்தியை நிறுத்தி, ஒரு நாளைக்கு 800 முதல் 1,200 கலோரிக்குள் இருக்கச் சொல்கிறார்கள்.

அக்காவின் ஒரு நாள் இப்படி ஓடியது: காலையிலும் இரவிலும் ஒரு ஸ்கூப் பவுடர், 200 மில்லி கொழுப்பு நீக்கிய பாலில். மதியம் காய்கறிப் பொரியலும் முட்டை வெள்ளைக்கருவும். நடுவில் தண்ணீர், சர்க்கரை போடாத எலுமிச்சைச் சாறு, நீர்மோர். முதல் மூன்று நாள் தலைவலியும் எரிச்சலும் இருந்தன. நான்காம் நாள் அடங்கிவிட்டது.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், இந்த உணவைத் தொடங்கும் முன்பே மருந்தின் அளவை டாக்டரிடம் மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாட்டை மட்டும் குறைத்து மருந்தை அப்படியே விட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.

3. கலக்கும் முறை

ஷேக்கரில் முதலில் பால் அல்லது தண்ணீர், அதற்கு மேல் பவுடர். மாற்றிப் போட்டால் அடியில் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். கொதிக்கும் பாலில் கொட்டக் கூடாது. நான் முதல் நாள் அப்படித்தான் செய்தேன், திரிந்த பால் மாதிரி துண்டு துண்டாகிவிட்டது. விரல் வைத்தால் தாங்குகிற சூட்டில் கலந்தால் போதும். ரசமானாலும் வடிகட்டி, ஆறவைத்து, கடைசியில் கலக்குங்கள்.

குலுக்கிய பிறகு நுரை அடங்கப் பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். சர்ஜரி முடிந்தவரின் வயிற்றில் காற்று போனால் வலிக்கும். ஸ்ட்ரா வேண்டாம், சோடா வேண்டாம் என்பதும் அதனால்தான்.

4. சர்ஜரிக்குப் பிறகு: பாலாடைக் கணக்கு

ஸ்லீவ் சர்ஜரியில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். இன்னொரு வகையான கேஸ்ட்ரிக் பைபாஸில், இரைப்பையின் மேல்பகுதியில் புதிதாக அமைக்கும் பை 30 மில்லி அளவுதான். முதல் ஓரிரு நாள் தண்ணீர் போன்ற தெளிந்த திரவம் மட்டும். டாக்டர்கள் அனுமதித்த பிறகுதான் புரோட்டீன் பானம்.

டம்ளரில் கொடுத்தால் பழக்கத்தில் மடக்கென்று குடிக்கத் தோன்றும். அம்மா பரணில் இருந்து எங்கள் இருவருக்கும் பால் புகட்டிய வெள்ளிப் பாலாடையை எடுத்துக் கொடுத்தார். அதில் இரண்டு தடவை ஊற்றினால் ஏறக்குறைய 30 மில்லி. மருந்துப் பாட்டிலின் அளவு மூடியில் ஊற்றிச் சரிபார்த்துக்கொண்டேன். பதினைந்து நிமிடத்துக்கு 30 மில்லி என்றால் ஒரு மணி நேரத்துக்கு 120 மில்லி. விழித்திருக்கும் 12 மணி நேரத்தில் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் உள்ளே போய்விடுகிறது, அந்த நாளுக்குத் தேவையான திரவமும் அவ்வளவுதான்.

புரதக் கணக்கும் இதற்குள்ளேயே அடங்கும். 150 மில்லி கொழுப்பு நீக்கிய பாலில் 5 கிராம், அரை ஸ்கூப்பில் 12 கிராம், ஆக 17 கிராம். நாளுக்கு நான்கு முறை கொடுத்தால் 68 கிராம். ஒவ்வொரு முறையும் குடித்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆகட்டும். நான் பிரிட்ஜ் கதவில் தாள் ஒட்டி, ஒவ்வொரு முறையும் கோடு போட்டு வந்தேன்.

நெஞ்செலும்புக்குக் கீழே இறுக்கம், விக்கல், திடீரென்று மூக்கு ஒழுகுவது எல்லாம் "போதும்" என்பதற்கான அறிகுறிகள். அக்காவுக்கு விக்கல் வரும். ஒரு மிடறு பாக்கி என்றாலும் கொடுக்காதீர்கள். காய்ச்சல், படபடப்பு, அதிகரிக்கும் வயிற்றுவலி, குடிப்பதெல்லாம் வாந்தியாவது, இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இரும்புச்சத்து மாத்திரைக்கும் பால் கலந்த பானத்துக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். கால்சியம் இரும்பை உறிஞ்ச விடாது.

பார்க்க வருகிறவர்கள் அன்போடு சத்துமாவுக் கஞ்சி, மால்ட் பானம், பழச்சாறு என்று கொண்டுவருவார்கள். கஞ்சியில் பெரும்பகுதி மாவுச்சத்து. பருப்புத் தண்ணீரில் புரதம் மிகக் கொஞ்சம், பருப்பு அடியில் தங்கிவிடுகிறது. பைபாஸ் ஆனவர்களுக்கு இனிப்புப் பானம் வேகமாகக் குடலில் இறங்கி வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். கொண்டுவந்தவர் மனம் நோகாமல் வாங்கி வைத்துவிடுங்கள், நோயாளிக்குக் கொடுக்க வேண்டாம்.

5. பானத்தைக் குறைக்கும் காலம்

பெரும்பாலும் மூன்றாம் வாரத்தில் மசித்த உணவு தொடங்கும். தட்டில் முதல் வாய் புரதமாக இருக்கட்டும்: மசித்த முட்டை, முள் நீக்கிய மீன், கெட்டிப் பருப்பு, பன்னீர். ஒரு முட்டையில் 6 கிராம் வரும். சாப்பாட்டில் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு பானத்தில் குறையுங்கள். சாப்பிட்டு அரை மணி நேரம் எதுவும் குடிக்கக் கூடாது.

திட உணவு நன்றாக இறங்கத் தொடங்கிய பிறகும் நான்கு பானத்தைத் தொடர்வது நல்லதில்லை. திரவம் சீக்கிரம் இறங்கிவிடும், பசி அடங்காது, கலோரி மட்டும் ஏறும். அக்கா இரண்டாம் மாத முடிவில் ஒரு பானத்துக்கு வந்துவிட்டாள். நான்காம் மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியபோது மிகவும் பயந்தாள். வேகமாக எடை குறையும்போது மூன்றாம் மாதத்துக்கு மேல் இது பலருக்கு வருகிறது, பிறகு வளர்ந்துவிடும். இருந்தாலும் ஒரு வாரம் சாப்பிட்டதை எல்லாம் எழுதிப் பார்த்தோம். நாளுக்கு 45 கிராம் புரதம்தான் போயிருந்தது. மாலை நான்கு மணிக்கு மோரில் ஒரு ஸ்கூப், கொஞ்சம் சீரகத்தூள் போட்டு மறுபடி தொடங்கினோம்.