மண்டபத்து ஃபோகஸ் லைட்: மனு எழுதுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைப் புறநகரில் மண்டபம் கட்டினால் மொட்டைமாடியில் நாலு ஃபோகஸ் லைட் மாட்டுவது வழக்கமாகிவிட்டது. அதில் ஒன்றாவது பக்கத்து வீட்டுப் படுக்கையறையைப் பார்த்துத்தான் நிற்கும். தூக்கம் கெட்டவர் கோபத்தில் எழுதும் மனு பெரும்பாலும் முதல் வரியிலேயே சறுக்கிவிடுகிறது.

"ஒளி மாசுத் தடுப்புச் சட்டப்படி நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதாதீர்கள். அப்படி ஒரு சட்டம் நம் நாட்டில் இல்லை. 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் மாசு என்று சொல்வது திட, திரவ, வாயுப் பொருள்களை; வெளிச்சம் மூன்றிலும் சேராது. 1987இல் காற்று மாசுச் சட்டத்தைத் திருத்திச் சத்தத்தைச் சேர்த்தார்கள். ஒளிக்கு அந்த யோகம் வரவில்லை. அதனால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அலைவது வீண்.

'இரவு பத்து மணிக்கு மேல் கூடாது' என்பதும் ஒலிபெருக்கிக்கான விதி, 2000ஆம் ஆண்டு வந்தது. லைட்டுக்கு அதைக் காட்டினால் மண்டபத்துக்காரர் சிரிப்பார். ஸ்பீக்கரும் அலறினால் அதற்குத் தனி மனு கொடுங்கள்.

கைகொடுப்பது பொதுத்தொல்லை என்ற பழைய வழிதான். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133ஆக இருந்த பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152. மனு கோட்டாட்சியருக்குப் போக வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: தனியாளாகக் கையெழுத்துப் போட்டால் அது எப்படிப் பொதுத்தொல்லை ஆகும்? தெருவே பாதிக்கப்பட்டிருந்தால் தெருவே கையெழுத்திடட்டும். உங்கள் ஜன்னல் மட்டும்தான் என்றால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்பதே முறை; செலவும் காலமும் பிடிக்கும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

போனில் நைட் மோடு போட்டு எடுத்த படம் ஆதாரமாக நிற்காது, அதில் எல்லாமே பளிச்சென்றுதான் தெரியும். நைட் மோடை அணைத்துவிட்டு, ஜன்னல் சட்டமும் அறையும் தெரிகிற மாதிரி எடுங்கள்.

தெருவிளக்கு கண்ணில் அடித்தால் கல்லெறிய வேண்டாம், பொதுச்சொத்தைச் சேதப்படுத்திய வழக்கு உங்கள் மேல்தான் பாயும். மாநகராட்சியிடம் விளக்கை எடுக்கச் சொன்னால் எதிர்வீட்டுக்காரரே சண்டைக்கு வருவார். கோணத்தை இறக்கித் தரக் கேளுங்கள்.

அரிட்டாபட்டி மலைப்பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்கள் காவலுக்கென்று விடியவிடிய வெள்ளை எல்.இ.டி. எரிப்பதும் தவறுதான். அங்கே தேவாங்கு இரை தேடுவது இருட்டில். மஞ்சள் பல்பைத் தாழ மாட்டினாலே வழி தெரியும்.

கடைசியாக, "தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று மனுவை முடிக்காதீர்கள். விளக்கைத் தரைப்பக்கம் திருப்பி, தகர மறைப்புப் போட்டு, விசேஷம் முடிந்ததும் அணைக்க உத்தரவிடக் கேளுங்கள்.